டீனா ப்ரூக்ஸ்: மூணே வருஷம் ரெக்கார்ட் பண்ணிட்டு ஏன் காணாம போனாரு?

ராத்திரிரயில்:

வணக்கம் மக்களே. ஜாஸ்ல நான் இன்னும் கத்துக்குட்டி தான், மைல்ஸ் டேவிஸ், கோல்ட்ரேன், இப்படி எல்லாரும் சொல்ற பேருங்கள மட்டும் தான் கேட்டிருக்கேன். போன வாரம் வேலை பாத்துக்கிட்டே ஏதோ ஒரு ப்ளேலிஸ்ட்ட ஓட விட்டிருந்தேன், அதுல டீனா ப்ரூக்ஸ்னு ஒருத்தரோட 'ட்ரூ ப்ளூ' வந்துச்சு, டெனார் சாக்ஸ், அதாவது கொஞ்சம் கீழ்க்குரல்ல ஒலிக்கிற சாக்ஸபோன். முதல் பாட்டு முடியறதுக்குள்ள வேலைய நிறுத்திட்டேன். கத்தி கலாட்டா பண்ற வாசிப்பு இல்ல, அழுது வடியறதும் இல்ல, ஆனா உள்ள ஏதோ ஒரு சோகம் ஓடிக்கிட்டே இருக்கு, அதே சமயம் கால் தாளம் போடுது. சரி இவரோட மத்ததெல்லாம் கேப்போம்னு தேடுனா மொத்தமே நாலு ஆல்பம் தான் வருது, அதுலயும் மூணு அவரு செத்து பல வருஷம் கழிச்சு வெளியானதுன்னு போட்டிருக்கு. ரெக்கார்டிங் எல்லாம் 1958ல இருந்து 1961 வரைக்கும் தான். ஆனா ஆளு 1974 வரைக்கும் உயிரோட இருந்திருக்காரு.

எனக்கு புரியாதது இது தான். சின்ன வயசுல செத்துட்டாரு, அதனால ரெக்கார்ட் கம்மின்னா புரியும். இவரு 13 வருஷம் நியூயார்க்லயே இருந்துக்கிட்டு ஒரு ரெக்கார்ட் கூட பண்ணலையே, ஏன்? தேடுற இடத்துல எல்லாம் "ஹெராயின்"னு ஒரே வார்த்தைல முடிச்சிடறாங்க. அவ்வளவு தானா? அப்புறம் அடுத்து எதுல இருந்து கேக்கலாம்னும் சொல்லுங்க. (பேர பாத்துட்டு பொண்ணா வாசிக்கிறாங்கன்னு என் தங்கச்சி கேட்டா, அதுக்கும் சேத்து யாராவது பதில் சொல்லிடுங்க.)

வினைல்பொட்டி:

ஆஹா நம்ம ஆளு பேர இங்க ஒருத்தர் கேட்டுட்டாரு, இன்னிக்கு தூங்கின மாதிரி தான்.

முதல்ல தங்கச்சிக்கு பதில். உண்மையான பேரு ஹெரால்ட் ஃப்லாய்ட் ப்ரூக்ஸ். சின்ன வயசுல ரொம்ப பொடியா இருப்பாராம், பொடிப்பயல்ங்கற அர்த்தத்துல 'டீனி'ன்னு வச்ச பட்டப்பேரு தான் டீனான்னு நின்னுடுச்சு. பொறந்தது 1932 ஜூன் 7, நார்த் கரோலினால ஃபேயட்வில். பையனா இருக்கும்போதே குடும்பம் நியூயார்க் வந்துடுச்சு. அண்ணன் டேவிட் ப்ரூக்ஸும் டெனார் வாசிக்கிறவரு, பப்பான்னு கூப்பிடுவாங்க, பில் டாகெட் பேண்ட்ல இருந்தவரு. ஸோ வீட்லயே சாக்ஸ் சத்தம் இருந்திருக்கு.

ஆரம்பம் ஜாஸ்ல இல்ல, ரிதம் அண்ட் ப்ளூஸ் (ஆர் அண்ட் பி). 50களோட தொடக்கத்துல சோனி தாம்சன் பேண்ட், அப்புறம் சார்ல்ஸ் ப்ரவுன், அமோஸ் மில்பர்ன் இவங்களோட எல்லாம், 1955 வாக்குல லயனல் ஹாம்ப்டன் பேண்ட். அதாவது ராத்திரி முழுக்க ஜனங்க ஆடறதுக்கு வாசிச்ச கை. இத ஏன் சொல்றேன்னா நீங்க சொன்ன அந்த கால் தாளம் போடற சமாச்சாரம் அங்க இருந்து வந்தது தான்னு நான் நினைக்கிறேன். எவ்வளவு சிக்கலா வாசிச்சாலும் ப்ளூஸ் அவரு விரல விட்டு போகல.

ப்ராங்க்ஸ்ல ப்ளூ மொராக்கோன்னு ஒரு க்ளப், அங்க ட்ரம்பெட்காரர் லிட்டில் பென்னி ஹாரிஸ் பழக்கமானாரு. அவரு தான் பீபாப்போட (40கள்ல வந்த வேகமான, சிக்கலான ஜாஸ்) நெளிவு சுளிவெல்லாம் காட்டிக் கொடுத்து, ப்ளூ நோட் கம்பெனி ஆல்ஃப்ரெட் லயன் கிட்டயும் சொல்லி விட்டவரு. 1958 பிப்ரவரி 25, ஜிம்மி ஸ்மித்தோட செஷன். அதுல வந்த 'த செர்மன்' பாட்டு 20 நிமிஷம், எல்பி-ல ஒரு பக்கம் முழுக்க அது மட்டும் தான். ஆர்கன் சோலோ, கிட்டார் சோலோ எல்லாம் முடிஞ்சு ஒரு டெனார் நிதானமா உள்ள வரும் பாருங்க, அது தான் இவரு. அந்த ரூம்ல லீ மார்கன், லூ டொனால்ட்சன், கென்னி பரெல், ட்ரம்ஸ்ல ஆர்ட் ப்ளேக்கின்னு பெரிய தலைங்க. புதுசா வந்த பையன் மாதிரியே தெரியாது.

லயனுக்கு எவ்வளவு பிடிச்சுப் போச்சுன்னா மூணு வாரம் கூட ஆகல, மார்ச் 16ம் தேதியே இவர லீடரா போட்டு ஒரு ஆல்பம் ரெக்கார்ட் பண்ணிட்டாங்க. 'மைனர் மூவ்'. வயசு 25. ட்ரம்பெட் லீ மார்கன், பியானோ சோனி க்ளார்க், பாஸ் டக் வாட்கின்ஸ், ட்ரம்ஸ் ப்ளேக்கி. யாருக்குமே கிடைக்காத அறிமுகம் இல்லையா? அத தூக்கி ஷெல்ஃப்ல வச்சுட்டாங்க. வெளிய வந்தது 1980ல, அதுவும் முதல்ல ஜப்பான்ல. அதுக்குள்ள வாட்கின்ஸ் கார் விபத்துல போயிட்டாரு (1962), க்ளார்க் 31 வயசுல போயிட்டாரு (1963), மார்கன க்ளப்லயே சுட்டுட்டாங்க (1972), ப்ரூக்ஸ் 1974. அந்த ரெக்கார்ட் கடைக்கு வந்தப்ப வாசிச்ச அஞ்சு பேர்ல ப்ளேக்கி மட்டும் தான் உயிரோட. இத நினைச்சுக்கிட்டு அந்த ஆல்பத்த கேக்காதீங்க, ஏன்னா அதுல இருக்கற வாசிப்பு அவ்வளவு குஷியான வாசிப்பு, நம்ம சோகத்த அது மேல ஏத்தறது நியாயம் இல்ல.

இப்ப 1960. இந்த தேதிங்கள மட்டும் பாருங்க. ஜூன் 13, 'த கனெக்‌ஷன்' நாடகத்தோட இசைய ஹவார்ட் மெகீ தலைமைல ரெக்கார்ட் பண்றாங்க, டெனார் ப்ரூக்ஸ். ஜூன் 19, ட்ரம்பெட்காரர் ஃப்ரெட்டி ஹப்பர்ட்டோட முதல் ஆல்பம் 'ஓபன் செசமி', டெனார் ப்ரூக்ஸ், தலைப்பு பாட்டும் 'ஜிப்சி ப்ளூ'வும் இவரு எழுதினது. ஜூன் 25, நீங்க கேட்ட 'ட்ரூ ப்ளூ', இப்ப ஹப்பர்ட் இவருக்கு வாசிக்கிறாரு. ஆறு ஆறு நாள் இடைவெளில மூணு செஷன். அப்புறம் ஆகஸ்ட்ல பியானோ வாசிக்கிற ஃப்ரெட்டி ரெட்டோட ஒண்ணு, செப்டம்பர் 1 ஆல்டோ சாக்ஸ்காரர் ஜாக்கி மெக்லீனோட ஒண்ணு, அக்டோபர் 20 மறுபடி சொந்த ஆல்பம் 'பேக் டு த ட்ராக்ஸ்', 1961 ஜனவரில ரெட்டோட இன்னொண்ணு, மார்ச் 2 'த வெய்டிங் கேம்'. முடிஞ்சது. அந்த மார்ச் 2க்கு அப்புறம் அவரு பேர்ல ஒரு ரெக்கார்டும் இல்ல. 28 வயசு.

வெளியீட்டு நம்பர்ல ஒரு கொடுமை இருக்கு, வினைல் சேக்கறவங்களுக்கு தெரியும். ஹப்பர்ட்டோட ஆல்பம் 4040, ப்ரூக்ஸோடது 4041. பக்கத்து பக்கத்து நம்பர், அதே ரெண்டு ஊதுகாரங்க, ஒரே வாரத்துல பதிவானது. 4040 வந்ததும் 22 வயசு ஹப்பர்ட்ட ஊரே திரும்பி பாத்துச்சு, 4041 சத்தமில்லாம அடங்கிடுச்சு. அவரு உயிரோட இருக்கும்போது அவரு பேர்ல வந்த ஒரே ஆல்பம் அது தான். அடுத்தது 'பேக் டு த ட்ராக்ஸ்', அதுக்கு 4052ன்னு நம்பர் கொடுத்து, அட்டை டிசைன் பண்ணி, விளம்பரமும் பண்ணிட்டு கடைசில விடவே இல்ல. 4051 யாருதுன்னா மெக்லீனோடது, அதுல பாதில ப்ரூக்ஸ் வாசிச்சிருக்காரு! அது வந்துச்சு, இது வரல. இது கடைக்கு வந்தது 90கள்ல.

ஹெராயின் உண்மை தான், மறைக்க ஒண்ணும் இல்ல. 61க்கு அப்புறம் ப்ராங்க்ஸ் பக்கம் சின்ன சின்ன இடத்துல, லத்தீன் பேண்டு, ஆர் அண்ட் பி பேண்டுன்னு வாசிச்சிட்டு இருந்திருக்காரு, அப்புறம் உடம்பு விட்டுப் போய் 1974 ஆகஸ்ட் 13ல கல்லீரல் செயலிழந்து செத்தாரு. 42 வயசு. ஆனா எனக்கு கேட்டா, ஒரு மனுஷன் தன்னோட சிறந்த நாலு வேலைய கொடுத்து அதுல மூண கம்பெனி அலமாரில பூட்டி வச்சா அவன் எதுக்கு நாலாவது வருஷம் எழுந்து வருவான்? போதைய மட்டும் சொல்றவங்க இத சொல்லாம விட்டுடறாங்க.

எதிர்க்கேள்வி:

வினைல்பொட்டி அண்ணே தேதியெல்லாம் சூப்பர், ஆனா கடைசில கம்பெனிய வில்லனாக்கிட்டீங்களே, அங்க எனக்கு ஒத்து வரல.

ப்ளூ நோட் அந்த காலத்துல எல்லாரோட செஷனையும் தான் அலமாரில போட்டுச்சு. கிட்டார் வாசிச்ச க்ரான்ட் க்ரீன எடுத்துக்கோங்க, அந்த கம்பெனிக்கே செல்லப்பிள்ளை, அவரு பண்ணதுல எத்தனையோ நல்ல நல்ல ஆல்பம் பல வருஷம் கழிச்சு தான் வெளிய வந்துச்சு. டெனார் வாசிச்ச ஹாங்க் மோப்லிக்கும் அதே கதை. லயனும் ஃப்ரான்சிஸ் வுல்ஃபும் பெர்லின்ல இருந்து வந்த ரெண்டு நண்பர்கள், சின்ன கம்பெனி, கைல இருக்கற காசுக்கு பிடிச்ச இசைய எல்லாம் பதிவு பண்ணிட்டாங்க, ஆனா அச்சடிச்சு கடைக்கு அனுப்பறதுக்கு ஒரு அளவு உண்டுல்ல. யாருக்கு சொந்தமா பேண்ட் இருக்கோ, ஊர் ஊரா போய் வாசிக்கிறாங்களோ அவங்க ரெக்கார்ட் தான் விக்கும். ஹோரஸ் சில்வர் வித்தாரு, ஜிம்மி ஸ்மித் வித்தாரு, அவங்க பாட்ட சின்ன 45 ரெக்கார்டா போட்டு ஜூக்பாக்ஸ்ல ஓட விட்டாங்க. ப்ரூக்ஸ் அப்படி பேண்ட் வச்சு ஊர் சுத்தின ஆள் இல்ல, அடுத்தவங்க செஷனுக்கு வந்து வாசிச்சிட்டு ப்ராங்க்ஸ்க்கு திரும்பிப் போறவரு. கடைக்காரன் எத நம்பி வாங்குவான்?

இன்னொண்ணும் யோசிங்க, அதே லயன் இவர மறுபடி மறுபடி கூப்பிட்டு, மொத்தம் நாலு தடவை லீடரா உக்கார வச்சிருக்காரு, அதுவும் ரெக்கார்டிங்குக்கு முன்னாடி ஒத்திகைக்கும் தனியா காசு கொடுத்து. அந்த காலத்துல ஒத்திகைக்கு காசு கொடுத்தது ப்ளூ நோட் தான், மத்த பல கம்பெனில நேரா வந்து வாசிச்சிட்டு போ, அவ்வளவு தான். இவரோட பாட்டெல்லாம் அவ்வளவு நேர்த்தியா இருக்கறதுக்கு பாதி காரணம் அந்த ஒத்திகை. கைவிட்ட கம்பெனி பண்ற வேலையா இது?

அதே சமயம் ஹெராயின்னு ஒரே வார்த்தைல முடிக்கிறதும் சோம்பேறித்தனம், அதுல உங்க கூட நிக்கறேன். மெக்லீனுக்கும் அதே பழக்கம் இருந்துச்சு, நியூயார்க் போலீஸ் அவரோட காபரே கார்டையும் பிடுங்கிடுச்சு. தெரியாதவங்களுக்கு, மது விக்கிற க்ளப்ல வாசிக்கணும்னா போலீஸ் கொடுத்த அட்டை ஒண்ணு கைல இருக்கணும், 1967 வரைக்கும் அந்த சட்டம் இருந்துச்சு, போதை கேஸ்ல மாட்டினா அட்டை போச்சு, மங்க், பில்லி ஹாலிடே எல்லாரும் அதுல அடிபட்டவங்க தான். மெக்லீன் க்ளப் இல்லாததால ஸ்டுடியோவையே பிடிச்சுக்கிட்டாரு, 60கள் முழுக்க ரெக்கார்ட் பண்ணாரு, அப்புறம் போதைல இருந்து வெளிய வந்து ஹார்ட்ஃபோர்ட் யுனிவர்சிட்டில பசங்களுக்கு சொல்லிக் கொடுத்தாரு. டெனார் வாசிச்ச டெக்ஸ்டர் கார்டன் 50கள்ல பாதிய ஜெயில்லயும் அப்படி இப்படியும் விட்டுட்டு 1961ல அதே ப்ளூ நோட்டுக்கு வந்து நின்னாரு, ப்ரூக்ஸ் கதவ சாத்திட்டு போன அதே வருஷம். அப்ப போதை ஒருத்தர முடிக்கவும் முடிச்சிருக்கு, முடிக்காமயும் விட்டிருக்கு. வித்தியாசம் என்னன்னா மெக்லீனுக்கு மேல ஒரு பேரு ஏற்கனவே இருந்துச்சு, 20 வயசுலயே மைல்ஸோட வாசிச்சவரு, கார்டன் 40கள்லயே ஸ்டார். விழுந்தா தூக்கி விட நாலு பேருக்கு காரணம் இருந்துச்சு. ப்ரூக்ஸ் பேரு வெளிய பரவறதுக்கு முன்னாடியே விழுந்துட்டாரு.

வினைல்பொட்டி:

@எதிர்க்கேள்வி கடைசி வரிக்கு கைய கொடுங்க. ஆனா பேரு பரவணும்னா ரெக்கார்ட் வெளிய வந்திருக்கணுமே தம்பி, சுத்தி சுத்தி அங்கயே தான் வர்றோம். அலமாரில இருந்த ரெக்கார்ட் எப்படி பேர பரப்பும்? 'மைனர் மூவ்' 58லயே வந்திருந்தா, மார்கன், க்ளார்க், ப்ளேக்கின்னு அட்டைல போட்டிருந்தா, அதுவே ஒரு விசிட்டிங் கார்டு.

எதிர்க்கேள்வி:

அது சரி. ஆனா 61ல இப்படி ஆகும்னு அவங்களுக்கு 58ல தெரியாதுல்ல.

டெனார்காரன்:

நீங்க ரெண்டு பேரும் கணக்கு வழக்கு பாத்துட்டு இருங்க, ரயில் நண்பருக்கு நான் வாசிப்ப பத்தி கொஞ்சம் சொல்றேன். நானும் டெனார் ஊதறவன் தான், கச்சேரி பண்ற அளவுக்கு எல்லாம் இல்ல, வீட்ல, பக்கத்து வீட்டுக்காரங்க பொறுமை இருக்கற வரைக்கும்.

நீங்க கேட்ட அந்த சோகம் எங்க இருந்து வருதுன்னா, அவரு எழுதுன மெட்டுங்க பெரும்பாலும் மைனர்ல (சோகச் சாயல் உள்ள சுர அமைப்பு) நிக்கும். ஹார்ட் பாப் (பீபாப்போட ப்ளூஸ் கலந்த 50கள் ஜாஸ்) ஆளுங்க எல்லாரும் மைனர் பாட்டு எழுதினவங்க தான், ஆனா நிறைய பேருக்கு அது ஒரு மிரட்டலான தொனி, இவருக்கு அப்படி இல்ல, பாடறதுக்குன்னே எழுதின மாதிரி இருக்கும். 'ஜிப்சி ப்ளூ' ஒரு தடவ கேட்டா போதும், ராத்திரி பல் விளக்கும்போது வாய்ல வந்துடும். ரெண்டு ஊதுகருவிய ஒண்ணா வச்சு மெட்டு வாசிக்கிறப்ப ட்ரம்பெட்ட மேலயும் டெனார கீழயும் சும்மா ஒட்ட வைக்க மாட்டாரு, ஒண்ணு கேட்கும் இன்னொண்ணு பதில் சொல்லும், நடுவுல ரிதம் ஆளுங்களுக்கு ஒரு அடி விட்டு வச்சிருப்பாரு. பல்லவி முடிஞ்சு சோலோ ஆரம்பிக்கிற இடத்துலயே பாட்டு நம்ம கைல வந்துடும்.

சோலோல முக்கியமான விஷயம், வரிங்க ரொம்ப நீளம். சாதாரணமா நாம நாலு பார், எட்டு பார்னு (பார்னா ஒரு தாளச் சுத்து) கட்டம் கட்டமா யோசிச்சு, கட்டம் முடிஞ்சதும் மூச்சு எடுப்போம். இவரு கட்டத்து நடுவுல ஆரம்பிச்சு அடுத்த கட்டத்து நடுவுல முடிப்பாரு, கார்டு (ஒரே நேரத்துல சேர்ந்து ஒலிக்கிற சுரங்க) மாறற இடத்த ஒரு தையல் தெரியாம தாண்டுவாரு. மூச்சு எங்க எடுத்தாருன்னு தேடி தேடி கேட்டிருக்கேன். டோன் அந்த கால ஆளுங்கள விட லேசு, ரோலின்ஸ் மாதிரி தடி சத்தம் இல்ல, கோல்ட்ரேன் மாதிரி இரும்பும் இல்ல, லெஸ்டர் யங் பக்கத்துல வச்சுக்கலாம், மோப்லிக்கு நெருங்கின சொந்தம்னு சொல்லலாம். ஆனா மோப்லிய விட இவருகிட்ட ஒரு அவசரம் இருக்கு, கொஞ்சம் முன்னாடி சாஞ்சு நடக்கற நடை. 'மைனர் மூவ்'ல 'த வே யூ லுக் டுநைட்' இருக்கு, காதல் பாட்டு, அத இவங்க விரட்டற வேகத்துக்கு நான் மெட்டு வாசிக்கவே திணறுவேன், அவரு அந்த வேகத்துல கதை சொல்லிட்டு இருக்காரு.

இன்னொரு கோணமும் சொல்லணும், இது இங்க யாரும் சொல்லல. அவரு போன நேரம். 1959 கடைசில சாக்ஸ்காரர் ஆர்னெட் கோல்மன் ஃபைவ் ஸ்பாட் க்ளப்புக்கு வந்து கார்டே வேணாம்ட்டாரு. 1961 தொடக்கத்துல கோல்ட்ரேனோட 'மை ஃபேவரிட் திங்ஸ்' வந்து மேல்குரல் சோப்ரானோ சாக்ஸும் ஒரே கார்டுல நிமிஷக்கணக்கா சுத்தற வாசிப்பும் எல்லாரையும் இழுத்துடுச்சு. இன்னொரு பக்கம் ஆர்கன் வச்ச சோல் ஜாஸ் நல்லா விக்குது. நடுவுல, அழகா மெட்டு எழுதி கார்டு மாற மாற நுணுக்கமா வாசிக்கிற டெனார்காரனுக்கு நின்னு பேச இடம் குறைஞ்சிட்டே வருது. புதுமை பண்ணவங்களுக்கு வரலாற்றுல பக்கம் உண்டு, வித்தவங்களுக்கு பணம் உண்டு, சுத்தமா வாசிச்சவங்களுக்கு ரெண்டும் இல்ல. மோப்லி அவ்வளவு ரெக்கார்ட் பண்ணியும் அவருக்கே அந்த நிலைமை தான்.

இன்னொண்ணு, 'கனெக்‌ஷன்' நாடகம்னு அண்ணன் ஒரு வரில தாண்டிட்டாரே, அது சும்மா விஷயம் இல்ல. ஜாக் கெல்பர் எழுதினது, 1959ல நியூயார்க் லிவிங் தியேட்டர்ல போட்டாங்க. போதைக்கு அடிமையான ஆளுங்க ஒரு ரூம்ல உக்காந்து சரக்கு கொண்டு வர்றவனுக்காக காத்திருக்காங்க, அவ்வளவு தான் கதை, அந்த ரூம்லயே ஒரு ஜாஸ் பேண்டும் இருக்கு, நிஜமாவே மேடைல வாசிக்கும். ஃப்ரெட்டி ரெட் இசை, மெக்லீன் சாக்ஸ். மெக்லீனுக்கு மாற்று ஆளா இருந்தது ப்ரூக்ஸ். அந்த மேடைல உக்காந்து அந்த வேஷத்த வாசிச்சவங்க நிஜ வாழ்க்கைலயும் அத தெரிஞ்சவங்க. பாக்க வந்தவங்களுக்கு அது ரெண்டு மணி நேர நாடகம்.

பனங்காய்:

வணக்கம், நான் யாழ்ப்பாணத்தில இருந்து. டெனார்காரன் அண்ணை சொன்னது நல்லாயிருக்கு, ஆனா "கரியர்" எண்டு நாங்கள் கதைக்கிறது முழுக்க ரெக்கார்டு கணக்கு மட்டும் தானே எண்டு எனக்கு ஒரு யோசனை. 1950ல இருந்து ஆர் அண்ட் பி பேண்டுகளோட ஊர் ஊரா வாசிச்சவர், 61க்குப் பிறகும் ப்ராங்க்ஸ்ல வாசிச்சுக்கொண்டு தான் இருந்தவர். அதையும் சேத்தால் மூண்டு வருசம் இல்லை. ஸ்டுடியோவுக்குள்ள மைக்குக்கு முன்னால நிண்ட நேரம் மட்டும் தான் குறுகினது. ஒரு லத்தீன் நடனக் கூடத்தில சனம் ஆட ஆட அந்த மனிசன் எப்பிடி வாசிச்சிருப்பார் எண்டு நினைச்சுப் பாக்க ஆசையா இருக்கு, ஏனெண்டால் 'தீம் ஃபார் டோரிஸ்'ல அந்த லத்தீன் தாளம் வாற இடமெல்லாம் மனிசன் நல்லாத் தான் அனுபவிக்கிறார்.

மற்றது, சாக்ஸ் வாசிச்ச எரிக் டால்ஃபியை எல்லாரும் "குறுகிய வாழ்க்கை" எண்டு சொல்லுவினம். 1964ல பெர்லின்ல 36 வயசில போயிட்டார், சர்க்கரை வருத்தம். ஆனா அவர் கடைசி நாலு வருசத்தில செய்து வச்சிட்டுப் போன ரெக்கார்டை கேட்டு முடிக்கவே ஒரு வருசம் வேணும். ப்ரூக்ஸ் அவரை விட ஆறு வருசம் கூட வாழ்ந்தவர், கேக்கிறதுக்கு நாலு தட்டு தான் இருக்கு.

வினைல்பொட்டி:

பனங்காய் சொன்னது சரியான பாயிண்ட். மெக்லீன் பாதி, கென்னி பரெலோட ரெண்டு மூணு இடம், ஜிம்மி ஸ்மித், ரெட்டோட ரெண்டு, இதெல்லாம் சேத்தா நாலுக்கு மேல வரும், ஆனாலும் ஒரு வார விடுமுறைல மொத்தத்தையும் கேட்டு முடிச்சிடலாம்.

இவர மறுபடி வெளிச்சத்துக்கு கொண்டு வந்தவர பத்தியும் சொல்லணும், இல்லன்னா இந்த பேச்சே நடந்திருக்காது. மைக்கேல் கஸ்கூனான்னு ஒருத்தர், 70கள்ல ப்ளூ நோட் அலமாரிய குடைய ஆரம்பிச்சாரு, வெளிவராத டேப் எல்லாம் ஒண்ணொண்ணா தூசி தட்டி எடுத்தாரு. அப்புறம் மொசைக்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு 1985ல ப்ரூக்ஸோட நாலு ஆல்பத்தையும் சேத்து ஒரே பெட்டியா போட்டாங்க, தபால்ல மட்டும் விக்கிற அளவான எண்ணிக்கை பெட்டி. நாலையும் ஒண்ணா வச்சு கேக்க முடிஞ்சது அப்ப தான். ஆளு போயி 11 வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் தான் "அட யாருப்பா இந்த ஆளு"ன்னு எல்லாரும் கேக்க ஆரம்பிச்சாங்க. இப்ப 'ட்ரூ ப்ளூ' ஒரிஜினல் அச்சு, நல்ல கண்டிஷன்ல கிடைச்சா ஆயிரக்கணக்கான டாலர் கேக்கறான். நீலக் கட்டம் கட்டமா ரீட் மைல்ஸ் போட்ட அட்டை. அப்ப விக்காம கிடந்த தட்டு, கம்மியா அச்சடிச்சதால தான் இப்ப இந்த விலை, இத விட கேலிக்கூத்து என்ன இருக்கு சொல்லுங்க.

ராத்திரிரயில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. எல்லாத்தையும் படிச்சதுல எனக்கு என்ன தோணுதுன்னா எதிர்க்கேள்வியும் வினைல்பொட்டி அண்ணனும் ஒரே விஷயத்த தான் ரெண்டு பக்கத்துல இருந்து சொல்றீங்க, ஆனா நான் அண்ணன் பக்கம் கொஞ்சம் சாயறேன், விளம்பரம் வரைக்கும் கொடுத்துட்டு விடாம இருந்தாங்க பாருங்க, அது மனச என்னவோ பண்ணுது. விக்காதுன்னா விளம்பரத்துக்கு முன்னாடியே தெரியாதா?

சரி இப்ப ஆர்டர் சொல்லுங்க. அடுத்து 'மைனர் மூவ்'ஆ, 'பேக் டு த ட்ராக்ஸ்'ஆ? காசு ஒண்ணுக்கு தான் இருக்கு, சிடி தான் வாங்கலாம்னு இருக்கேன், தட்டு எல்லாம் நமக்கு தாங்காது.

டெனார்காரன்:

'ட்ரூ ப்ளூ' பிடிச்சிருக்குன்னா நேரா 'பேக் டு த ட்ராக்ஸ்'. நாலே மாசம் கழிச்சு பண்ணது, ட்ரம்ஸ் ரெண்டுலயும் ஆர்ட் டெய்லர் தான், ஹப்பர்ட்டுக்கு பதிலா ப்ளூ மிட்செல். மிட்செல் ஹப்பர்ட் அளவுக்கு பாயறவரு இல்ல, அதனாலயே ப்ரூக்ஸ் பக்கத்துல இன்னும் பொருந்துறாரு, இது என் கட்சி. அதுல 'ஸ்ட்ரீட் சிங்கர்'னு ஒண்ணு இருக்கு, அது மெக்லீன் செஷன்ல வாசிச்சது, மூணு ஊதுகருவி, அவரு எழுதின மெட்டுலயே உச்சம்னா அது தான். காசு முழுக்க அந்த பாட்டுக்கே சரியா போச்சு.

எதிர்க்கேள்வி:

நான் இங்கயும் ஒத்துக்க மாட்டேன் 😄 'த வெய்டிங் கேம்' வாங்குங்க. எல்லாரும் அத கடைசில வைப்பாங்க, கொஞ்சம் களைச்சுப் போன ஆல்பம்னு ஒரு பேரு இருக்கு. எனக்கு அதுல தான் அவரு எங்க போகப் பாத்தாருன்னு தெரியுது. ட்ரம்பெட்ல ஜானி கோல்ஸ், அவருக்கு ஒரு உடைஞ்ச மாதிரி மெல்லிசான டோன், பாஸ்ல வில்பர் வேர், ட்ரம்ஸ்ல ஃபில்லி ஜோ ஜோன்ஸ். 'த்யானா'ன்னு ஒரு பாட்டு, 'டேவிட் த கிங்'னு ஒண்ணு, தலைப்ப பாத்தாலே ஆளு மனசு வேற பக்கம் திரும்பிட்டு இருந்துச்சுன்னு தோணும், மெட்டும் பழைய மாதிரி துள்ளாம உள்ள திரும்பி நிக்குது. இன்னும் ரெண்டு ஆல்பம் பண்ணியிருந்தா வேற ஒரு ப்ரூக்ஸ் வந்திருப்பாரு.

வினைல்பொட்டி:

ரயில் தம்பி, இவங்க சண்டைல நீங்க மாட்டாதீங்க. சிடி தான்னா இப்ப கைல இருக்கற 'ட்ரூ ப்ளூ'வையே சிடில வாங்குங்க, அதுல 'ட்ரூ ப்ளூ', 'குட் ஓல்ட் சோல்' ரெண்டுக்கும் மாற்று டேக் (அதே பாட்ட இன்னொரு தடவ வாசிச்ச பதிவு) சேத்திருக்காங்க. ரெண்டு டேக்கையும் அடுத்தடுத்து போட்டு கேளுங்க, ஒரே பாட்டுல அவரு ரெண்டாவது தடவ வேற சோலோ வாசிப்பாரு, முதல் தடவ வாசிச்சத திருப்ப மாட்டாரு. 'பேக் டு த ட்ராக்ஸ்' ஸ்ட்ரீமிங்லயே இருக்கு, அத அங்க கேட்டுக்கலாம்.

ராத்திரிரயில்:

சரி அண்ணே, 'ட்ரூ ப்ளூ' சிடி ஆர்டர் போட்டாச்சு. 'ஸ்ட்ரீட் சிங்கர்' இப்ப ஓடுது. @டெனார்காரன் ரெண்டாவதா வர்ற சோலோ மெக்லீனா ப்ரூக்ஸான்னு எப்படி பிரிச்சு பாக்கறது?

டெனார்காரன்:

மெக்லீன் ஆல்டோ, சத்தம் கொஞ்சம் மேல இருக்கும், சுருதி வேணும்னே லேசா தூக்கி வச்ச மாதிரி ஒரு புளிப்பு இருக்கும், தனியா தெரியும். அது இல்லாம கீழ வட்டமா வந்தா ப்ரூக்ஸ். ரெண்டு தடவ கேளுங்க, மூணாவது தடவ என்கிட்ட கேக்க மாட்டீங்க.